ஒப்பீட்டு முழங்கால்

பொரளையில், நிலவறையில், இரவு ஒன்பதுக்குப் பிறகு
இயந்திரம் எங்களுக்கு மலிவு.
பகலில் அது காசு கட்டியவர்களின் முதுகைப் பார்க்கும்.
இரவில் ஆய்வுக்கு.
சாவி, சில்லறை, தாலி, தாயத்து
எல்லாம் வெளியே தட்டில்.
ஒருமுறை ஒருவர் பல்லையும் கழற்றி வைத்தார்.

நலமான தசைநாண் படத்தில் கறுப்பு.
புதிதாக வருபவர்களுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்,
வெளிச்சம் என்றால் நல்லது என்று பழகிய கண்கள்.
அது பேசாமல் இல்லை,
நாங்கள் காதைத் திருப்புவதற்குள்
பேசி முடித்துவிடுகிறது.
ஒரு மில்லி செக்கன், அதற்கும் குறைய.
புதிய முறையில் இன்னும் முந்திக் கேட்கிறோம்.
அப்போதுதான் கறுப்புக்குள்ளிருந்து
நார் நாராய் ஒரு சாம்பல் எழும்புகிறது,
மழைக்குச் சற்று முன் காலிமுகத்துக் கடல் மாதிரி.

அன்ஸ்லிக்கு இருபத்திநாலு. முகத்துவாரம்.
துறைமுகத்தில் கொள்கலன் இலக்கம் பதிகிற வேலை,
பின்னேரம் காக்கைதீவு மணலில் கரப்பந்து.
எழும்பும்போது ஒன்றுமில்லையாம்.
இறங்கும்போதுதான்,
சில்லுக்குக் கீழே, ஒரு விரல் வைக்கிற இடத்தில்
"ஆணி மாதிரி, மிஸ்."

அவன் கையில் கடோலினியம் ஏற்றி
நொடி எண்ணினேன்.
இரத்தம் அதிகம் எட்டிப் பார்க்காத இடத்துக்கு
அவனுடைய இரத்தம் போயிருந்தது.
நல்ல நாணில் அந்தக் கோடு
பேரே வாவியாய்ப் படுத்துக் கிடக்கும்.
இவனுடையது எழுந்து நின்றது.
நொந்த இடத்துக்கு இரத்தம் போகிறது
செத்த வீட்டுக்குச் சனம் போவதுபோல்,
உதவிக்கா, இடைஞ்சலுக்கா
என்று எங்கள் பேராசிரியரும் இன்னும் எழுதவில்லை.

ஒப்பிட ஒரு நலமான முழங்கால் வேண்டும்.
லிப்ட் இயக்கும் நிஸ்தார் நானா வந்தார்.
மூவாயிரம் ரூபாய், ஒரு பால் பக்கட்,
மூன்று மொழியிலும் சம்மதப் படிவம்.
"நாளெல்லாம் ஸ்டூல்ல இரிக்கிற ஆள், மிஸ்.
என்ட முழங்கால் பெட்டி உடைக்காத சாமான்."

சத்தம் தொடங்கியது,
வெள்ளவத்தையில் தொடர்மாடிக்குத் தூண் அடிக்கிற சத்தம்.
அன்ஸ்லி மூன்று தரம் அசைந்தவன்.
நானா அசையவேயில்லை.

படம் வந்தது.
சில்லின் கீழே ஒரு வெண்மை,
அன்ஸ்லியினதைவிடப் பெரிது.
கோடும் எழும்பியது.
ஆள் மாறிவிட்டதோ என்று இலக்கத்தைப் பார்த்தேன்.
சரிதான்.

"நானா, முழங்கால்ல நோவு ஏதும்?"
"ஒண்டுமில்ல மிஸ். குளிருது, அவ்வளவுதான்."
"ஏறி இறங்கிற வேலை எப்பவாவது?"

ஒலிவாங்கியில் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.

"கரண்ட் இல்லாத வருஷம், டீசல் மிச்சம் பிடிக்க
லிப்ட நிப்பாட்டினாங்க தானே.
ரத்தப் பை, பைல், சாப்பாட்டு ட்ரே,
ஒருக்கா ஒரு புள்ளத்தாச்சி, கதிரையோட.
ஏழு மாடி மிஸ்.
அது அப்ப."

அது அப்ப.
திரையில் அது இப்ப.

படிவத்தில் ஒரு கட்டம்: நலமானவர், ஆம், இல்லை.
நோவில்லை என்கிறார், உண்மை.
படமும் பொய் சொல்லவில்லை.
தண்ணீரை அளக்கலாம், இரத்தம் வருகிற வேகத்தை அளக்கலாம்,
நாரின் முறுக்கு எங்கே தளர்ந்தது என்று
வண்ணம் பூசிக் காட்டலாம்.
ஆணி மாதிரி என்பதற்கு
இந்த ஒன்றரைத் தொன் காந்தத்தில் அலகு இல்லை.
பேனை மூடியைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன்.
நாளை டாக்டர் பார்க்கட்டும்.

நானா மோதிரத்தைத் தட்டிலிருந்து எடுத்து
ஊதிப் போட்டுக்கொண்டார்.
"என்ன மிஸ், கறுப்பா வெள்ளையா?"
"டாக்டர் சொல்லுவார் நானா."
"அப்ப வாங்க, மேல கொண்டு விடுறன்"
என்று மூடப்போன லிப்ட் கதவை
காலை நீட்டித் தடுத்தார்.

அதே கால்.